கணையச் செல் ஆக்கமும் சித்தாந்த உயிர்க்கொள்கையும்

மனிதக் குருத்துச் செல்லினின்று இன்சுலின் சுரக்கும் கணையச் செல்லைக் கலத்தில் வளர்த்தெடுத்து, அதனை நீரிழிவு நோயாளரின் உடம்பினுள் இட்டு நோய் தணிக்கும் முயற்சி மேனாட்டிலும் சீனத்திலும் பயன் காட்டத் தொடங்கிவிட்டது. இது மருத்துவர்க்குரிய செய்தி, சித்தாந்த இதழுக்கு இதனால் ஆவதென்னை என வினவுவார் உளராயின், ஆவது உண்டு என்றே விடை கூறுகின்றோம். முதல்வகை நீரிழிவால் வருந்தும் குழந்தைகளைப் பெற்ற சைவப் பெற்றோர்க்கு இதுபற்றி எழத்தகும் ஐயங்கள் மூன்று. கலத்தில் செல்லை ஆக்குதல் மனிதன் உயிரைப் படைத்தலாகாதோ என்பது ஒன்று. கருவினின்று எடுத்த செல்லாயின் அது கொலைவழி வந்த மருந்தாகாதோ என்பது மற்றொன்று. பிணி வினைப்பயனாயின் அதனை வேரொடு களைய முயல்தல் திருவருளுக்கு மாறாகாதோ என்பது மூன்றாவது. இவற்றுள் முதலாவது எளிது. மூன்றாவது பலரை வருத்துவது. இரண்டாவதே உண்மையில் அரிது. நூலறிவுடைய பெரியோர் இவற்றிற்கு விடை கூறாது வாளா இருப்பின், அறியாதார் கூறும் விடையே ஊரில் நிலைத்துவிடும்.

முற்பட, நோயின் இயல்பு அறிதல் வேண்டும். கணையம் இரைப்பையின் பின்னே குறுக்காகக் கிடப்பதோர் உறுப்பு. அதனுள் தீவுகள்போலச் சிதறிக்கிடக்கும் செல் திரள்களை ஜெர்மானியராகிய பால் லாங்கர்ஹான்ஸ் 1869 இல் கண்டெழுதினார். அத்திட்டுக்களில் உள்ள பீட்டா செல்கள் குருதியில் ஓடும் சர்க்கரையின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப இன்சுலினைச் சுரக்கின்றன. முதல்வகை நீரிழிவில், நோய்க்கிருமிகளை அழித்தற்கென்று உடம்பில் அமைந்த எதிர்ப்பாற்றல் தன் உடம்பின் பீட்டா செல்களையே பகையெனக் கொண்டு அழித்துவிடுகின்றது. இஃது ஊண் மிகுதியானோ ஒழுக்கப் பிழையானோ வருவதன்று. பால்குடி மறவாத குழவிக்கும் வரும்.

1921 ஆம் ஆண்டுக்கு முன் இந்நோய் வந்த குழந்தை சில திங்களிலோ ஓரிரண்டு ஆண்டிலோ இறந்துபடும். மருத்துவர் அறிந்த ஒரே வழி உணவைக் குறைத்துப் பட்டினியால் சாவைச் சிறிது தள்ளிவைத்தலேயாம். கானடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட், மக்லவுட், காலிப் என்னும் நால்வர் முயற்சியால் கணையத்தினின்று இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 ஜனவரி 11 இல் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதல் ஊசிவழி ஏற்றப்பட்டது. தூய்மை போதாமையால் முதல்முறை பயன் தரவில்லை. காலிப் தூய்மை செய்து தந்த சாற்றை அம்மாதம் 23 இல் ஏற்றியபோது குருதிச் சர்க்கரை இறங்கியது. அச்சிறுவன் மேலும் பதின்மூன்று ஆண்டு உயிர்வாழ்ந்தான்.

ஈண்டு நம்மனோர் பெரிதும் எண்ணிப் பாராத செய்தி ஒன்றுண்டு. அவ்விருபதுகள் தொடங்கி அறுபது ஆண்டுக்காலம் உலகில் வழங்கிய இன்சுலின் கொலைக்களத்தில் வீழ்ந்த ஆவினும் பன்றியினும் கணையத்தினின்று எடுக்கப்பட்டதேயாம். புலால் மறுத்த சைவக் குடும்பத்துப் பிள்ளையும் அதனையே நாள்தோறும் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு வாழ்ந்தது. மனித இன்சுலினின் மரபுக்கூற்றைப் பாக்டீரியாவினுள் அமைத்து அதனைச் சுரப்பிக்கும் வழி 1978 இல் கண்டறியப்பட்டு, 1982 இல் மருந்தாக வெளிவந்த பின்னரே அந்நிலை மாறத் தொடங்கிற்று. ஆதலின் மருந்தின் பிறப்பிடம் பற்றிய வினா இன்று குருத்துச் செல்லால் புதிதாக வந்ததன்று. அன்று கேளாது விட்டதனை இன்று கேட்கின்றோம்.

இன்சுலின் ஊசி உயிர் காப்பதேயன்றி நோய் தீர்ப்பதன்று. பீட்டா செல் இமைப்பொழுதுதோறும் தானே அமைத்துக்கொள்ளும் அளவை, தாயும் தந்தையும் பகலும் இரவும் கணக்கிட்டு அமைத்தல் வேண்டும். அளவு மிகின் சர்க்கரை தாழ்ந்து குழந்தை உறக்கத்திலேயே உணர்விழக்கும். குறையின் ஆண்டுகள் கழியக் கண்ணும் சிறுநீரகமும் கெடும். இறந்தோரது கணையத்தினின்று திட்டுக்களைப் பிரித்து நோயாளர்க்கு இடும் முறையைக் கானடாவின் எட்மண்டன் நகரத்து மருத்துவர் 2000 ஆம் ஆண்டில் எழுவர்பால் செய்து வெற்றி கண்டனர். ஆயின், ஒரு நோயாளர்க்கே ஒருவர்க்கு மேற்பட்ட இறந்தோரின் கணையம் வேண்டியிருந்தது. உலகில் உள்ள நோயாளர் தொகைக்கு அது கடலில் கரைத்த காயமே.

இக்குறை நீக்கவே குருத்துச் செல் நாடப்பட்டது. கரு உண்டாகி ஐந்து நாள் அளவில் அதனுள் இருக்கும் செல் எவ்வுறுப்பும் ஆதற்கு உரியது. அதனை அமெரிக்கராகிய ஜேம்ஸ் தாம்சன் 1998 இல் மனிதக் கருவினின்று பிரித்துக் கலத்தில் வளர்த்தார். தவளையின் கருவளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்த ஹார்வர்டு ஆசிரியர் டக்ளஸ் மெல்ட்டன், 1991 இல் தம் ஆறு மாதக் குழந்தைக்கு முதல்வகை நீரிழிவு வந்தமையால், தம் ஆராய்ச்சி முழுமையும் கணையத்தின்பால் திருப்பினார். பின்னர் அவர் மகளுக்கும் அந்நோய் வந்தது. அவர்தம் குழுவினர் 2014 இல், குருத்துச் செல்லுக்கு இன்ன நாளில் இன்ன பொருள் என வரிசைப்படக் கொடுத்து, கருவில் நிகழும் படிகளையே கலத்திலும் நிகழ்வித்து, ஏறத்தாழ ஐந்து வாரத்தில் பீட்டா செல்லை ஒத்த செல்களை மிகுதியாகப் பெற்றனர். எலிகளின் உடம்பில் இட்டபோது அவை சர்க்கரைக்கேற்ப இன்சுலின் சுரந்தன.

மேற்செல்லுமுன் சொல்லைப் பற்றி ஒரு சொல். 'செல்' என்பதனைத் தமிழில் 'உயிரணு' என வழங்குகின்றனர். சித்தாந்தம் பயின்றார்க்கு இச்சொல் இருமடங்கு மயக்கம் தருவது. உயிர் என்பது நமக்கு ஆன்மாவின் பெயர். அணு என்பதும் ஆகமங்களில் ஆணவத்தால் குறுகிய ஆன்மாவுக்கே பெயர். இவ்விரண்டையும் சேர்த்துச் சடப்பொருளாகிய உடற்கூறு ஒன்றுக்கு இட்டமையால், செல்லை ஆக்கினார் எனக் கேட்டவுடன் ஆன்மாவை ஆக்கினார் என நம்மவர் திடுக்கிடுகின்றனர். முதல் ஐயத்தின் பாதி இப்பெயராலேயே பிறந்ததென்க. ஆதலின் பிறமொழிச் சொல்லாயினும் 'செல்' என்பதனையே ஈண்டு ஆளுகின்றோம்.

இனி முதல் ஐயம். இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதம் நம் நூல்களின் அடிப்படை. குடம் மண்ணில் சத்தி வடிவாய் இருந்தே வெளிப்படுகின்றது. மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். ஆராய்ச்சியாளர் செய்தது யாது? செல்லை அவர் ஆக்கினாரல்லர். அதனுள் அமைந்துகிடந்த வன்மையையும் அமைத்தாரல்லர். இன்ன பொருளை இன்ன நாளில் கூட்டின் இன்ன மாற்றம் நிகழும் என்பதனைப் பல்லாண்டு பிழைபடச் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டனர். அவர் குயவன் நிலையிலும் தாழ்ந்தே நிற்கின்றனர். குயவன் குடத்தின் வடிவைத் தன் கருத்திற் கொண்டு வனைகின்றான். இவர்களோ கருப்பையில் நிகழ்வதனைப் பார்த்துப் பார்த்து அதன் பின்னே நடக்கின்றனர். மாயையினின்று தநு கரண புவன போகங்களைத் தோற்றுவிக்கும் முதல்வனது தொழிலுக்கு இதனால் ஓர் இழுக்கும் இல்லை. விதையை நட்டு நீர் பாய்ச்சிய உழவனை நெற்பயிரைப் படைத்தான் என்று எவரும் அஞ்சியதில்லை.

ஆயின் இவ்வாராய்ச்சி வரலாற்றில் சற்காரியம் பயில்வார்க்கு இன்பம் பயக்கும் பகுதி வேறொன்றுண்டு. தோலாகவோ நரம்பாகவோ முற்றிவிட்ட செல் மீளத் தன் முதனிலைக்குச் செல்லாது என்பதே நெடுங்காலம் உயிரியலார் கொள்கை. பால் தயிரானால் மீண்டும் பாலாகாது என்பது போன்றது இது. இங்கிலாந்து நாட்டு ஜான் கர்டன் தவளையின் முற்றிய குடற்செல்லின் கருவை, கரு நீக்கிய முட்டையினுள் இட, அது மீண்டும் தொடக்க நிலை எய்தித் தலைப்பிரட்டையாக வளரக் கண்டு 1962 இல் அக்கொள்கையை அசைத்தார். ஜப்பானியராகிய ஷின்யா யமனாகா 2006 இல் எலியின் செல்லிலும் 2007 இல் மனிதச் செல்லிலும் நான்கே மரபுக்கூறுகளைப் புகுத்தி, தோற்செல்லைக் கருநிலைச் செல்லுக்கு ஒப்பான குருத்துநிலைக்கு மீட்டுக் காட்டினார். 2012 இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். நம் ஆசிரியன்மார் காரியப்பாட்டினைப் பரிணாமம் எனவும் விருத்தி எனவும் பகுத்து, முன்னதற்குப் பால் தயிராதலையும் பின்னதற்குத் துணி கூடாரமாதலையும் உவமை காட்டுவர். கூடாரத்தை மடித்தால் மீண்டும் துணி. துணியின் தன்மை எவ்விடத்தும் கெட்டதில்லை. செல்லின் மாற்றம் தயிர் போன்றதன்று, கூடாரம் போன்றது என்பது இவ்விருவர் செயலால் வெளிப்பட்டது. ஆயினும், சுத்தமாயையின் காரியம் பற்றிச் சிறப்பாகக் கூறும் உவமையை இங்குக் கண்டோம் என்பதுகொண்டு, இவையெல்லாம் எம் முன்னோர் அன்றே அறிந்தவை என முழங்குதல் நேர்மையன்று. அவர் ஆராய்ந்தது மாயை, செல் அன்று. பொருள் விளங்குதற்கு அவர் தந்த உவமை இங்கும் உதவுகின்றது. அவ்வளவே கொள்ளற்பாலது.

அரிய ஐயத்துக்கு வருவோம். தாம்சன் முறையில் குருத்துச் செல் பெறுதற்கு ஐந்து நாட் கரு அழிகின்றது. அக்கரு மகப்பேறு வேண்டிக் கலத்தில் உண்டாக்கப்பட்டுக் கருப்பையில் வைக்கப்படாது எஞ்சியது, பெற்றோர் இசைந்து கொடுத்தது, எவ்வாற்றானும் எறியப்படுவது என்பர். எறியப்படுவது என்பது கொலையன்மைக்குக் காரணமாகாது. அதனுள் ஆன்மா உளதோ இலதோ என்பதே வினா.

சிலர் செல் பிளந்து பெருகுதலும் உணவு கொள்ளுதலும் உயிர் உண்மைக்குச் சான்று என்பர். இது சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தின் கருத்தை மறந்த கூற்று. ஆண்டு, உயிர்ப்பே ஆன்மா என்பாரை மறுக்குமிடத்து, உறக்கத்தில் உயிர்ப்பு இடையறாது இயங்கியும் நுகர்ச்சியும் தொழிலும் இன்மை காட்டி, உயிர்ப்பு வேறு ஆன்மா வேறு என நாட்டப்பட்டது. உடம்பின் இயக்கம் உடம்பை உடைய ஆன்மாவுக்கு நேரே அடையாளம் அன்று. தாம்சன் 1998 இல் எடுத்த செல்வழிகள் இன்றளவும் பல நாட்டு ஆராய்ச்சிக் கூடங்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. கோடி கோடியாகப் பெருகும் அவற்றுள் ஒவ்வொன்றும் ஓர் ஆன்மாவுக்கு உடம்பு என்பார், நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் அவ்வாறே கூறல் வேண்டும். அங்ஙனம் கூறின் எனது உடல் என்னும் வழக்கே பொருளிழக்கும்.

வேறு சிலர், கரு மனிதனாதற்கு உரிய வன்மை உடையது, ஆதலின் மனிதனே என்பர். இவ்வாதம் யமனாகாவுக்குப் பின் நிற்பதரிது. தோற்செல்லும் தக்க துணைக்காரணம் கூடியவழிக் குருத்துநிலை எய்துமாயின், வன்மை ஒன்றே அளவாகக் கொள்ளும்போது, நீராடுங்கால் உதிரும் தோலெல்லாம் கருவாகிவிடும். காரணத்தில் காரியம் சத்தியாய் உண்டு என்பது காரணமே காரியம் என்பதாகாது. மண்ணில் குடம் உண்டு, மண்ணால் நீர் முகத்தல் இயலாது.

இவ்வளவில், கருவை அழித்தலில் பிழையில்லை என முடித்துவிடலாமோ எனின், முடித்தல் கூடாது என்பதே எம் கருத்து. நம் நூல்வழக்கு, ஆன்மா சூக்கும உடம்போடு கூடித் தந்தைபால் தங்கிப் பின் தாய்வயிறு எய்தும் என்கின்றது. திருமந்திரத்துக் கருவுற்பத்தி கூறும் பகுதியும் கருக்கொள்ளும் பொழுதிலேயே இறைவன் அமைப்பு நிகழ்தலைப் பேசுகின்றது. உயிர் பின்னரே வந்து புகும் என்பதற்கு இவற்றில் இடம் காண்டல் அரிது. அற்றேல், பதினான்கு நாளுக்குள் ஒரு கரு இரண்டாய்ப் பிரிந்து இரட்டைப் பிள்ளை ஆதல் உண்டே, பகுக்கப்படாத ஆன்மா பகுந்ததோ எனின், பகுந்ததன்று. இரண்டாம் உடம்பு அமைந்தவழி இரண்டாம் ஆன்மா அதனைப் பெறும் என்க. உடம்பு பகுத்தற்குரியது, ஆன்மா அன்று. ஆகவே இரட்டைப்பேறு காட்டி நூல்வழக்கை வீழ்த்த இயலாது. இங்ஙனம் செல்லின் இயக்கமும் வன்மையும் ஆன்மாவை நிறுவா. நூல்வழக்கோ ஐந்து நாட் கருவில் ஆன்மா இன்மையை நிறுவ இடந்தரவில்லை. ஐயம் நிற்குமிடத்துக் கொலை ஒழிக்கும் பக்கம் சாய்தலே சைவர்க்கு முறை. மருந்துக்கெனவே கருவை உண்டாக்கி அழித்தலை யாம் ஒப்பவில்லை.

இவ்விடத்து வேறு வழி திறந்திருத்தல் நற்பேறே. சீனத்துப் பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தெங் ஹொங்குய் குழுவினரும் தியான்ஜின் நகர மருத்துவரும், முதல்வகை நீரிழிவுடைய இளம்பெண் ஒருவரின் கொழுப்புத் திசுவினின்று செல் எடுத்து, வேதிப்பொருள்களாலேயே அதனைக் குருத்துநிலைக்கு மீட்டு, திட்டுச் செல்களாக்கி, 2023 இல் அவர் வயிற்றுத் தசையுறையின் கீழ் இட்டனர். 75 நாளில் அவர் இன்சுலின் ஊசி வேண்டாதவரானார். 2024 இல் வெளியிடப்பட்ட செய்தி இது. ஈண்டு ஆவும் இல்லை, பன்றியும் இல்லை, கருவும் இல்லை. தன் உடம்பின் கூறு ஒன்றே மடிப்பவிழ்ந்து மற்றொரு கூறாக நின்றது. ஆராய்ச்சிப் படிகளில் எலிகள் பட்ட துன்பத்தை மட்டும் மறைத்துப் பேசுதல் நம் வழக்கன்று. அது நம் கணக்கில் நிற்கவே செய்கின்றது.

மூன்றாவது ஐயம் நூலைப் பாதி படித்தாரால் எழுவது. சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரப் பகுதியில், பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன எனக் கூறப்படுதல் உண்மை. இதனைக் கொண்டு, பிணி அமைந்தது, நாம் செய்வதென்னை என்பார், அவ்வரிசையின் முதலில் நிற்கும் பேறு என்பதனை ஏன் விட்டுவிடுகின்றனர் என்று யாம் அறியோம். பிணி வினைப்பயனாயின், மருந்து கிடைத்தலும் வினைப்பயனே. 1920 இல் இந்நோயால் மாண்ட குழவியின் வினை கொடிது, 1925 இல் பிழைத்த குழவியின் வினை மெலிது என அளந்து கூறவல்லார் நம்மில் எவர்? பிராரத்தத்தின் அளவு நுகர்ந்து கழிந்த பின்னரே தெரிவது. நுகருமுன் அதன் எல்லையைக் கோடிட்டு, இதற்குமேல் மருந்து கூடாது என்பார் தம்மை முதல்வன் நிலையில் வைத்துக்கொள்கின்றனர்.

அப்பகுதியிலேயே முன்செய்த வினை இப்பொழுதைப் பயனுக்கும், இப்பொழுது செய்யும் வினை மேல்வரும் பயனுக்கும் ஏதுவாம் எனவும் உணர்த்தப்படுகின்றது. குழந்தையின் நோய் குழந்தையின் பிராரத்தம். மருந்து கொடுத்தலோ மறுத்தலோ தந்தையின் ஆகாமியம். பிறரது பிராரத்தத்தைக் காரணங்காட்டித் தன் ஆகாமியத்தை மறைத்தல் கணக்கில் ஏறாது. அன்றியும், சித்தியார் இறைவன் வினையறுக்கும் முறைக்கு மருத்துவனையே உவமையாக எடுக்கின்றது. சில நோயை மருத்துவன் அறுத்தும் கீறியும் தீர்ப்பான், சிலவற்றைக் கட்டியும் பாலும் கலந்து கொடுத்துத் தீர்ப்பான், அதுபோல முதல்வன் துன்பத்தையும் இன்பத்தையும் ஊட்டி வினை தீர்ப்பான் என்பது அதன் கருத்து. (கட்டி கலந்த பால் நம் நோயாளர்க்கு ஆகாது என்பதுபற்றி உவமையைப் பழித்தல் வேண்டா.) நோய் தீர்த்தல் திருவருளுக்கு மாறான தொழிலாயின் அதனைத் திருவருட்கு உவமையாக ஆசிரியர் எடுப்பரோ?

கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது திருஞானசம்பந்தப் பெருமான், உம் வினை, பொறுத்துக்கொள்க என்று இருந்துவிடவில்லை. பதிகம் பாடி நோயை அந்நாட்டினின்றே நீக்கினார். பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளின் முயலகன் நோயையும் தீர்த்தருளினார். இவற்றிற்கு மாறாக அப்பர் சுவாமிகளின் சூலையைக் காட்டுவார் உளர். சூலை அருளின் கருவியாகவே வந்தது, மெய். ஆயின் அதனைத் தந்தவனே திருவதிகையில் தீர்த்தான். திலகவதியார் தம் இளவலுக்குத் திருநீறு அளித்தாரேயன்றி, நோய் நன்று, வைத்துக்கொள்க என உரைத்தாரல்லர். நோயை அருளாக்குதல் முதல்வன் செயல். மனிதன் மனிதனுக்கு நோயை அருளென்று விதித்தல் கூடாது.

இத்துணையும் கூறியதால் இம்முறையை எவரும் உடனே நாடலாம் என்பது எம் கருத்தன்று. 2025 ஜூன் மாதம் வெளிவந்த ஓர் அறிக்கை, பிறரது குருத்துச் செல்லினின்று ஆக்கிய திட்டுச் செல்களைக் கல்லீரலுக்குச் செல்லும் பெருநாளத்தின்வழி ஏற்றிய செய்தியைக் கூறுகின்றது. முழு அளவு ஒருமுறையில் பெற்ற பன்னிருவருள் பதின்மர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி வேண்டாதிருந்தனர். உணர்விழக்கச் செய்யும் சர்க்கரைத் தாழ்வு பன்னிருவர்க்கும் ஒழிந்தது. ஆயின் ஆராய்ச்சியில் சேர்ந்த பதினால்வருள் இருவர் இறந்தனர். ஒருவர் இறந்தது மூளையுறையைப் பற்றிய பூஞ்சைத் தொற்றால். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்பார்க்கு அஞ்சத்தக்க தொற்று அது. மற்றவர்க்கு முன்னரே இருந்த மூளைத் தளர்ச்சி முற்றியது. பிறர் செல்லை உடம்பு ஏற்றற்கு அவ்வடக்கும் மருந்தை இடைவிடாது உண்ணுதல் வேண்டும். சீனத்துப் பெண்ணும், முன்னரே கல்லீரல் மாற்றப்பெற்றவராதலின், அம்மருந்து உண்டுகொண்டிருந்தவரே. ஊசியால் ஒழுங்காக வாழும் குழந்தைக்கு, ஊசியை நீக்கி அதனினும் பெரிய கட்டினைப் பூட்டுதல் அன்பாகாது. சர்க்கரைத் தாழ்வை உணரவும் இயலாது அடிக்கடி வீழ்ந்து உயிர்க்கு அஞ்சும் முதியோர்க்கே இஃது இப்போது ஆராயப்படுகின்றது என்பதனைப் பெற்றோர் அறிந்துகொள்க.

பொருட்செலவு பற்றியும் ஒன்று கூறற்பாலது. இன்சுலின் உரிமையைப் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923 இல் தலைக்கு ஒரு டாலர் பெற்று டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தனர். மெல்ட்டன் தொடங்கிய குழுமத்தை 2019 இல் மற்றொரு பெருங்குழுமம் 95 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று. ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்க்கு, மருந்து கைகூடும் நாளில் அது எவர் வாயில்முன் நிற்கும் என்னும் கவலை எழாமற்போகாது. ஆதுலர்க்கு மருத்துவசாலை அமைத்தலை அறமாகக் கொண்ட மடங்கள் இதனை இப்பொழுதே சிந்தித்தல் நன்று.

இறுதியாக, மாணாக்கர்க்கு எழத்தகும் தடை ஒன்றுளது. எதிர்ப்பாற்றல் தன் செல்லையும் பிறர் செல்லையும் வேறறிகின்றது. 'நான்', 'பிறன்' என்னும் அறிவு உடம்புக்கே உண்டாயிற்று. ஆகவே உடம்பே ஆன்மா என்னும் உலகாயதன் கூற்று வலியுறுமன்றோ என்பது அத்தடை. ஆராயின், இந்நோயே அதற்கு மறுப்பாகும். எதிர்ப்பாற்றல் வேறறிவதாயின் தன் பீட்டா செல்லைத் தானே அழித்திராது. அழித்தபின், அழித்தேன் என்று அறிந்ததும் இல்லை. அதன் செயல் பூட்டுக்குப் பொருந்திய திறவு பொருந்தாத திறவு என்னும் அளவிற்றே. செல்லின் மேலமைந்த அடையாளத்தை மரபுக்கூறு திருத்தி மறைத்துவிட்டால் பிறர் செல்லையும் அது தீண்டாது விடுகின்றது. ஸ்வீடன் நாட்டு உப்சாலாவில், இறந்தோரது திட்டுச் செல்களை அங்ஙனம் திருத்தி, அடக்கும் மருந்தின்றியே ஒருவர் முன்கைத் தசையில் இட, அவை அழிவுறாது இன்சுலின் சுரந்தன. அடையாளம் மாறினால் ஏமாறுவது அறிவன்று, பொறி. என் உடம்பே எனக்குப் பகையாயிற்று என்று துன்புறுவது எதுவோ, அதுவே எனது உடல் என்னும் வழக்குக்கு உரிய ஆன்மா. அத்துன்பம் எதிர்ப்பாற்றலுக்கு இல்லை, அழிந்த செல்லுக்கும் இல்லை. பிறர் செல் தன்னுள் வந்து தங்கியபின் அவ்வான்மா அதனையும் எனது என்றே கூறும். உண்ட சோறு ஊனானபின் அதனை நெல்லென்று எவரும் கூறாமை காண்க.